கல் தூசியும் நுரையீரல் புற்றுநோயும்: கிரானைட், டைல்ஸ், சிற்ப வேலை செய்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிரானைட் பாலிஷ் பட்டறை, சிற்பக்கூடம், டைல்ஸ் பதிக்கும் வேலை, கிரஷர், சுவரில் பைப்புக்குக் காடி வெட்டும் வேலை என்று கல்லையும் கான்கிரீட்டையும் மெஷினால் வெட்டும் எல்லோருக்குமான பக்கம் இது. வேலை கொடுப்பவர்களும் படிக்க வேண்டும். இங்கே சொல்லும் பாதுகாப்புகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் போட வேண்டியவர்கள் அவர்கள்தான்.

கல்லைத்தானே வெட்டுகிறோம், ரசாயனம் எதுவும் இல்லையே. புற்றுநோய் எங்கிருந்து வருகிறது?

கல்லுக்குள் இருக்கும் குவார்ட்ஸிலிருந்து. இது படிக வடிவிலுள்ள சிலிகா. கல்லாக இருக்கும்வரை யாருக்கும் கெடுதல் இல்லை. பிளேடு பட்டு நுண்தூசியாகி மூச்சில் ஏறும்போதுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, வேலையிடத்தில் சுவாசிக்கும் படிக சிலிகாவை 1997-இல் மனிதருக்கு உறுதியாகப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்தது. புகையிலைப் புகையும் கல்நாரும் (ஆஸ்பெஸ்டாஸ்) அதே பிரிவில்தான் இருக்கின்றன.

நுரையீரலுக்குள் நுழையும் தூசியை அங்குள்ள துப்புரவு செல்கள் விழுங்கும். குவார்ட்ஸை அவற்றால் கரைக்க முடியாது. செல் செத்துவிடும், துகள் வெளியே வரும், அடுத்த செல் அதை விழுங்கிச் சாகும். இப்படி ஓயாமல் நடக்கும் அழற்சியால் நுரையீரலில் தழும்பு ஏறுகிறது. அதுதான் சிலிக்கோசிஸ். அதே அழற்சி ஆண்டுக்கணக்கில் செல்களின் மரபுப்பொருளைச் சிதைப்பதால் புற்றுநோய் வருகிறது. சிலிக்கோசிஸ் வந்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு இன்னும் அதிகம்.

கண்ணுக்குத் தெரியும் தூசி அடங்கிவிட்டால் போதுமா?

போதாது. கண்ணில் படும் பெரிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், சளியோடு வெளியேறிவிடும். நுரையீரலின் அடிவரை போவது சுமார் 4 மைக்ரானும் அதற்குக் குறைவும் உள்ள துகள். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். ஒரு மைக்ரான் குவார்ட்ஸ் துகள் காற்றசையாத அறையில் மூக்கு உயரத்திலிருந்து தரைக்கு வர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் வெட்டிய தூசியை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் மூச்சில் இழுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று பொருள்.

அதைக் கண்ணால் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. பொழுது சாய்ந்தபின் பட்டறை விளக்குகளைக் குறைத்துவிட்டு, வெட்டும் இடத்துக்குப் பின்னால் வெளிச்சமான டார்ச்சை உங்களை நோக்கி வையுங்கள். நேர் வெளிச்சம் கண்ணில் அடிக்காதபடி டார்ச்சுக்கு முன்னால் ஓர் அட்டையைப் பிடித்து, சற்றுப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். பகலில் சுத்தமாகத் தெரிந்த காற்றில் புகைபோலத் தூசி சுருண்டு வேலை செய்பவர் முகத்துக்கு ஏறுவது தெரியும். வாக்குவாதம் செய்யும் முதலாளிக்கு இதை ஒருமுறை காட்டினால் போதும்.

எல்லாக் கல்லும் ஒன்றுதானா?

இல்லை, பெரிய வித்தியாசம் இருக்கிறது. மணற்கல்லில் 70 முதல் 90 சதவீதம் வரை சிலிகா இருக்கும். கான்கிரீட்டிலும் சிமெண்ட் கலவையிலும் 25 முதல் 70, கிரானைட்டில் 20 முதல் 45, டைல்ஸில் 30 முதல் 45, செங்கல்லில் 30 வரை. மார்பிளிலும் சுண்ணாம்புக்கல்லிலும் 2 சதவீதம் அளவுதான். சந்தையில் கருப்பு கிரானைட் என்று விற்கும் கல்லில் பெரும்பகுதி டோலரைட் வகை என்பதால் அதில் குவார்ட்ஸ் குறைவு. ஆனால் ஒரே பட்டறையில் காலையில் கருப்பும் மாலையில் சிவப்பும் வெட்டுகிறவர், கூடுதல் சிலிகா உள்ள கல்லை வைத்தே பாதுகாப்பைத் தீர்மானிக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட மோசமானது சமையலறை மேடைக்கு இப்போது பரவலாகப் போடும் செயற்கை குவார்ட்ஸ் பலகை. குவார்ட்ஸ் பொடியைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்வது. 90 சதவீதத்துக்கு மேல் சிலிகா உள்ள ரகங்கள் உண்டு. இதை உலர்வாக வெட்டிய இளைஞர்கள் சில ஆண்டுகளிலேயே சிலிக்கோசிஸுக்கு ஆளானதைப் பார்த்த ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் இதன் தயாரிப்பையும் விற்பனையையும் பொருத்துவதையும் தடை செய்தது. இந்தியாவில் அப்படித் தடை இல்லை. இதை எக்காரணம் கொண்டும் வீட்டுக்குள் வைத்து உலர்வாக வெட்டாதீர்கள். சிங்க் அளவையும் அடுப்பு அளவையும் முன்கூட்டியே எடுத்துக் கொடுத்து, தண்ணீரில் ஓடும் பெரிய மெஷினில் வெட்டி வாங்குங்கள்.

எவ்வளவு தூசிவரை பரவாயில்லை?

புற்றுநோய் விஷயத்தில் இந்த அளவுக்குக் கீழே ஆபத்தே இல்லை என்று கோடு போட முடியாது. சட்ட வரம்புகள் இருக்கின்றன. அமெரிக்காவில் 2016 விதிப்படி எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம் படிக சிலிகா. ஒரு ஷிப்டில் ஒருவர் சுமார் 10 கன மீட்டர் காற்றைச் சுவாசிக்கிறார் என்று வைத்துக்கொண்டால், நாள் முழுவதற்கும் அரை மில்லிகிராம். பொடியுப்பில் பத்து மணி எடுத்தால் அந்த எடையைத் தாண்டிவிடும்.

நம் நாட்டில் 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை ஒரு சூத்திரம் தந்தது: 10-ஐ, தூசியிலுள்ள குவார்ட்ஸ் சதவீதத்தோடு 2 கூட்டி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். 30 சதவீதம் குவார்ட்ஸ் என்றால் 10 ÷ 32, அதாவது கன மீட்டருக்கு 0.31 மில்லிகிராம் நுண்தூசி. அதில் சிலிகா மட்டும் சுமார் 0.09. அமெரிக்க வரம்பைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே இந்திய வரம்புக்குள் இருக்கிறோம் என்று நிம்மதி அடையாமல் இன்னும் குறைக்கப் பாருங்கள்.

அளப்பதற்குத் தொழிலாளியின் சட்டைக் காலர் அருகே, பெரிய துகளைப் பிரித்து ஒதுக்கும் சிறு சைக்ளோனும் வடிகட்டியும் மாட்டி, இடுப்பில் பம்ப் கட்டி, ஷிப்ட் முழுக்க ஓடவிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சுவரில் மாட்டிய கருவி காட்டும் அளவை நம்பாதீர்கள். தூசி அதிகம் இருப்பது வெட்டுகிறவர் மூக்குக்கு முன்னால்தான். சென்னை தரமணியில் உள்ள மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தில் இதுபற்றி விசாரிக்கலாம்.

தண்ணீர் விட்டு வெட்டுகிறோம். அது போதும்தானே?

சரியாக விட்டால் தூசியில் பத்தில் எட்டு, ஒன்பது பங்கு அங்கேயே அடங்கிவிடும். அதைவிட மலிவான, பயனுள்ள பாதுகாப்பு வேறில்லை. ஆனால் பெரும்பாலான இடங்களில் தண்ணீர் விடும் விதம் தவறு. ஒரு பையன் பாட்டிலில் துளை போட்டுக் கல்மேல் ஊற்றிக்கொண்டிருப்பான். தண்ணீர் கல்லின் மேற்பரப்பில் ஓடும், பிளேடு கல்லைக் கடிக்கும் இடத்துக்குப் போகாது. அத்தோடு அந்தப் பையனும் தூசிக்குள் நிற்கிறான்.

கையில் பிடிக்கும் கட்டருக்கு நிமிடத்துக்குக் குறைந்தது அரை லிட்டர் தண்ணீர் வேண்டும். கணக்குப் பார்ப்பது சுலபம்: குழாயை ஒரு லிட்டர் பாட்டிலில் விடுங்கள், இரண்டு நிமிடத்துக்குள் நிறைய வேண்டும். 10 லிட்டர் டேங்க் 20 நிமிடம்தான் வரும், எனவே அடுத்த டேங்க் தயாராக இருக்கட்டும். பிளேடின் இரண்டு பக்கமும், அது கல்லுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் பட வேண்டும். பிளேடு சுற்றத் தொடங்குமுன் தண்ணீர் திறக்க வேண்டும், பிளேடு நின்றபின்தான் மூட வேண்டும்.

அடிக்கடி கெடுவது மூன்று இடங்களில். முனைத் துளை கல்சேற்றால் அடைத்துக்கொள்ளும், தினமும் மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். தொட்டித் தண்ணீரையே திரும்பத் திரும்ப ஓட்டினால் தெறிக்கும் சாரலிலேயே நுண்தூசி இருக்கும், ஆகவே சேறு படிய இரண்டு தடுப்புள்ள தொட்டி கட்டி மேல்தண்ணீரை மட்டும் எடுங்கள். மூன்றாவது, வெட்டியபின் வரும் சேறு. அதை ஈரமாகவே அள்ளி மூட்டை கட்டாவிட்டால் மறுநாள் காய்ந்து, காலடியிலும் லாரிச் சக்கரத்திலும் மீண்டும் தூசியாகப் பறக்கும்.

கரண்ட் மெஷினில் தண்ணீர் விட்டால் ஷாக் அடிக்காதா?

அடிக்கும். சாதாரண ஆங்கிள் கிரைண்டரில் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் இணைப்போடு தயாரிக்கப்பட்ட கட்டர் அல்லது வெட் பாலிஷர் வாங்குங்கள். அதன் லைனில், மின்கசிவு 30 மில்லிஆம்பியரைத் தொட்டாலே கரண்டைத் துண்டிக்கும் இ.எல்.சி.பி. கட்டாயம் இருக்க வேண்டும். ஒவ்வொரு ஷிப்டுக்கு முன்பும் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், துண்டிக்காவிட்டால் அன்று அந்த மெஷின் ஓடக்கூடாது. ஒயரைத் தரையில் போடாமல் மேலே கொக்கியில் தொங்கவிடுங்கள். பட்டறையில் கம்ப்ரஸர் இருந்தால் காற்றில் ஓடும் கிரைண்டர்தான் நல்லது. அதில் மின்சார ஆபத்தே இல்லை.

சிற்ப வேலையில் தண்ணீர் விட்டால் குறித்த கோடு அழிந்துவிடுகிறதே?

மாமல்லபுரத்திலும் திருமுருகன்பூண்டியிலும் உள்ள சிற்பிகளுக்கு இது உண்மையான சிக்கல். காவியால் போட்ட கோடு தண்ணீரில் கரையும், முகம், நகை போன்ற நுணுக்க வேலையில் சேறு மறைத்துவிடும். ஆகவே வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய கழிவை நீக்குவதில்தான் தூசியின் பெரும்பகுதி எழுகிறது. அதைத் தண்ணீரோடு செய்யுங்கள், கோட்டின்மேல் முன்பே உளியால் மெல்லக் கொத்தி வைத்துக்கொண்டால் தடம் அழியாது. நுணுக்க வேலைக்குக் கூடிய மட்டும் உளி, சுத்தியல். கைவேலையிலும் தூசி வரும், ஆனால் கிரைண்டரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கிரைண்டர் தவிர்க்க முடியாத இடத்தில் உறிஞ்சும் மூடி வேண்டும்.

உறிஞ்சும் மூடி, வேக்குவம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

பிளேடைச் சுற்றி மாட்டும் மூடியும், அதிலிருந்து குழாய் வழியாக இழுக்கும் வேக்குவமும் சேர்ந்ததுதான் இது. பிளேடு விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் நிமிடத்துக்கு 25 கன அடி காற்றை இழுக்கும் திறன் வேண்டும். 4 அங்குல கிரைண்டருக்கு 100 கன அடி, 5 அங்குலத்துக்கு 125. வடிகட்டி குறைந்தது 99 சதவீதம் பிடிக்க வேண்டும், அதைத் தானே உதறிச் சுத்தம் செய்யும் அமைப்பு இருக்க வேண்டும். நுண்தூசியைப் பிடிக்கும் திறனைக் காட்டும் எம் வகுப்பு (M) அல்லது அதைவிட மேலான எச் வகுப்பு (H) என்று குறித்த வேக்குவம் வாங்கினால் கவலையில்லை. வீட்டு வேக்குவம் பயன்படாது. பெரிய துகளைப் பையில் வைத்துக்கொண்டு, நுரையீரலுக்குப் போகும் துகளைப் பின்வழியாக அறைக்குள் ஊதிவிடும்.

மூடி கல்லோடு ஒட்டி உட்கார்ந்தால்தான் இழுக்கும். ஓரம் வெட்டும்போது ஒரு பக்கம் திறந்துவிடும், தூசி அந்த வழியாகத் தப்பும். ஓர வேலைக்குத் தண்ணீரே மேல். குழாயில் ஓட்டை விழுந்ததைப் பழைய துணி சுற்றி ஓட்டுவது, பை நிறைந்தபின்னும் மாற்றாமல் ஓட்டுவது இரண்டும் அன்றாடம் நடப்பவை. வெட்டும்போது மூடியிலிருந்து தூசி வெளியே பறக்கத் தொடங்கினால் உடனே நிறுத்தி வடிகட்டியைப் பாருங்கள்.

திறந்த வெளியில்தானே வெட்டுகிறோம், ஃபேனும் போட்டிருக்கிறோம்?

திறந்த வெளி உதவும், ஆனால் முகம் பிளேடிலிருந்து ஒன்றரை அடியில் இருக்கும்போது காற்று கலைக்குமுன் மூச்சு இழுத்துவிடும். ஃபேனை முதுகுக்குப் பின்னால் வைத்தால் உடம்புக்கு முன்னால் காற்று சுழன்று தூசியை முகத்துக்கே இழுத்து வரும். பக்கவாட்டில் வையுங்கள், காற்று போகும் திசையில் வேறு யாரும் உட்காராமல் பாருங்கள்.

எந்த மாஸ்க் நல்லது?

தண்ணீரோ உறிஞ்சலோ இல்லாமல் மாஸ்க்கை மட்டும் நம்பி உலர்வாக வெட்டுவதற்கு எந்த மாஸ்க்கும் போதாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். துண்டு, கைக்குட்டை, நீல நிற சர்ஜிக்கல் மாஸ்க் மூன்றும் இந்தத் தூசியைத் தடுக்காது. ஐ.எஸ். 9473 தர எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள எஃப்.எஃப்.பி.2 (FFP2) வகைத் தூசி மாஸ்க் குறைந்தபட்சம். அதிக நேரம் வெட்டுகிறவருக்கு அதைவிடக் கூடுதலாக வடிகட்டும் எஃப்.எஃப்.பி.3, அல்லது பி3 வடிகட்டி மாற்றிப் போடும் ரப்பர் அரைமுக மாஸ்க். காதில் மாட்டும் பட்டையைவிடத் தலையைச் சுற்றும் இரண்டு பட்டை உள்ளது நன்றாக ஒட்டும்.

போடும் முறை: மேல் பட்டை உச்சந்தலைக்குப் பின்னால், கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே கழுத்தில். மூக்குக் கம்பியை இரண்டு கை விரலாலும் அழுத்துங்கள், ஒரு கையால் கிள்ளினால் நடுவில் மடிந்து இடைவெளி விழும். பிறகு மாஸ்க்கை உள்ளங்கையால் மூடி வேகமாக மூச்சை உள்ளிழுங்கள். மாஸ்க் முகத்தோடு உள்வாங்க வேண்டும். கண்ணோரம் காற்று பட்டால் கம்பியைச் சரிசெய்யுங்கள், கன்னத்தில் பட்டால் பட்டையை இறுக்குங்கள். ஒரு நாள் வளர்ந்த தாடி இருந்தாலே ஓரத்தில் காற்று ஒழுகும். மாஸ்க் போடும் வேலைக்கு வருகிறவர் அன்றன்று மழித்துவிட்டு வர வேண்டும். தாடி வைத்தே ஆக வேண்டியவருக்குக் காற்றைப் பம்ப் செய்யும் தளர்வான தலைமூடி வகை உண்டு, விலை அதிகம். ஒருமுறை பயன்படுத்தும் மாஸ்க் ஒரு ஷிப்டுக்குத்தான். வியர்வையில் நனைந்து மூச்சு முட்டினால் அதற்கு முன்பே மாற்றுங்கள். துவைத்துப் போடுவதற்கானது அல்ல.

வேலை முடிந்ததும் வெல்லமும் வாழைப்பழமும் சாப்பிட்டால் தூசி வெளியேறிவிடும் என்கிறார்களே?

வெளியேறாது. சாப்பிடுவது இரைப்பைக்குப் போகிறது, தூசி இருப்பது நுரையீரலில். இரண்டுக்கும் பாதை வேறு. மது குடித்தால் தூசி இறங்கிவிடும் என்பதும் அப்படித்தான். தொழிலாளிக்கு வெல்லம் கொடுப்பது நல்லதுதான், கொடுங்கள். ஆனால் தண்ணீர்க் குழாய்க்கும் மாஸ்க்குக்கும் பதிலாகக் கொடுக்காதீர்கள்.

பட்டறையைச் சுத்தம் செய்வது எப்படி?

உலர்ந்த துடைப்பமும் காற்றுத் துப்பாக்கியும் வேண்டவே வேண்டாம். கம்ப்ரஸர் காற்றால் சட்டையை ஊதிக்கொள்ளும் வழக்கம் நாள் முழுக்கப் படிந்த தூசியை ஒரே நிமிடத்தில் முகத்துக்கு நேரே எழுப்பிவிடுகிறது. தண்ணீர் தெளித்துத் தள்ளுங்கள், அல்லது எச் வகுப்பு வேக்குவம். வேலைச் சட்டையை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு, கை முகம் கழுவி வேறு சட்டையில் வீட்டுக்குப் போங்கள். வீட்டில் துவைக்க நேர்ந்தால் உதறாமல் நேராக வாளித் தண்ணீரில் அமுக்குங்கள். பட்டறையும் வீடும் ஒட்டியிருக்கும் இடங்களில் குழந்தைகள் வெட்டும் இடத்தில் விளையாடுவதை அனுமதிக்காதீர்கள்.

கிரஷரில் என்ன செய்வது?

கல் கொட்டும் வாய், உடைக்கும் இடம், சல்லடை, கன்வேயர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விழும் முனை, இந்த இடங்களில் தகரமோ தடித்த ரப்பர் திரையோ போட்டு மூடி, ஒவ்வொன்றிலும் தண்ணீர்த் தெளிப்பான் வையுங்கள். பெரிய துளித் தண்ணீர் நுண்தூசியைப் பிடிக்காது, மூடுபனிபோல நுண்துளி வேண்டும். ஆபரேட்டருக்குக் கதவு சாத்திய, வடிகட்டிய காற்று வரும் கேபின். ஜன்னலைத் திறந்து வைத்த கேபினால் பயனில்லை.

என்ன பரிசோதனை, எப்போது செய்ய வேண்டும்?

வேலைக்குச் சேருமுன் ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று: மார்பு எக்ஸ்ரே, ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனை, காசநோய் பரிசோதனை. எக்ஸ்ரேயை சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தர எக்ஸ்ரேக்களோடு ஒப்பிட்டுப் படிக்கத் தெரிந்த மருத்துவர் பார்ப்பது முக்கியம். ஆரம்பப் புள்ளிகள் பொதுவான பார்வைக்குத் தப்பிவிடும். சாதாரண சிலிக்கோசிஸ் 10 ஆண்டுக்குப் பிறகு தெரியும், தூசி அதிகமானால் 5 முதல் 10 ஆண்டில், மிக அதிகமானால் அதற்கு முன்பே. புற்றுநோய்க்கு இன்னும் நீண்ட காலம் ஆகும். அதனால் வேலையை விட்டபின்னும் பரிசோதனையை நிறுத்தக் கூடாது.

மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, இரண்டு வாரம் தாண்டிய இருமல், எடை குறைவது, சளியில் ரத்தம் இருந்தால் உடனே போங்கள். போனவுடன் முதலில் சொல்ல வேண்டியது உங்கள் தொழில்: என்ன கல், எத்தனை ஆண்டு, தண்ணீரோடா உலர்வாகவா. இதைச் சொல்லாததால் சிலிக்கோசிஸ் காசநோய் என்று நினைக்கப்பட்டு, திரும்பத் திரும்பக் காசநோய் மருந்து சாப்பிட்டவர்கள் நம் நாட்டில் ஏராளம். சிலிகா தூசி காசநோயையும் எளிதில் வரவழைக்கும் என்பதால் இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். சிலிக்கோசிஸைக் குணப்படுத்த மருந்து இல்லை. தூசியிலிருந்து விலகினால் நோய் ஏறும் வேகம் குறையலாம்.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால்?

தூசியும் புகையும் சேரும்போது புற்றுநோய் ஆபத்து தனித்தனியாக இருப்பதைவிடக் கூடும். விடுவது பெரிய நன்மை. ஆனால் பீடி குடிப்பவர் என்பதைக் காட்டி முதலாளி தூசிக்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது. புகைக்காத கல் தொழிலாளிகளுக்கும் இந்த நோய் வருகிறது.

நோய் வந்துவிட்டால் இழப்பீடு கிடைக்குமா?

சிலிக்கோசிஸ் அறிவிக்கப்பட வேண்டிய தொழில்நோய். முன்பிருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் பட்டியலில் அது இருந்தது, அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பின் பட்டியலிலும் உள்ளது. தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர் அதன் வழியாகத் தொழில்நோய்ப் பலன் கேட்கலாம், இல்லாதவர் வேலை கொடுத்தவரிடம் இழப்பீடு கோரலாம். சிறு பட்டறைகளும் தினக்கூலிகளும் இந்தச் சட்டங்களின் வெளிவட்டத்தில் விழுந்துவிடுகிறார்கள் என்பது பெரிய அநீதி. ராஜஸ்தான் அரசு 2019-இல் தனிக் கொள்கை கொண்டுவந்து, சிலிக்கோசிஸ் சான்று பெற்றவருக்கு 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு மேலும் 2 லட்சம் என்று அறிவித்தது. முதலாளி யார் என்று நிரூபிக்க முடியாத தொழிலாளிக்கும் உதவி போய்ச்சேர அப்படியொரு ஏற்பாடு எல்லா மாநிலங்களிலும் வேண்டும்.

கோரிக்கை பெரும்பாலும் தோற்பது ஆவணம் இல்லாததால்தான். எந்தப் பட்டறை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, என்ன மெஷின் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூலிச் சீட்டு, வங்கிக் கணக்கில் வந்த சம்பளம், நல வாரிய அட்டை, வேலையிடத்தில் எடுத்த புகைப்படம் எல்லாம் சான்றுதான். ஒவ்வொரு எக்ஸ்ரே படத்தையும் அறிக்கையையும் மருத்துவமனையிலோ முதலாளியிடமோ விட்டுவிடாமல் பிரதி வாங்கி வீட்டில் வையுங்கள். முதல் எக்ஸ்ரே சுத்தமாக இருந்ததைக் காட்ட முடிந்தால், நோய் இந்த வேலையில்தான் வந்தது என்று நிறுவுவது பாதி சுலபமாகிவிடும்.